கொழுந்துக் கூடையும் பந்துக் கூடையும்

(‘பெண் பிள்ளைகளும் விளையாட்டும்’ என்ற தலைப்பில் நடைபெற்ற தொலைக்காட்சி மன்றத்தில் நிகழ்ச்சி அறிவிப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு முன் பேசியவர்கள் இரண்டு தரப்பாகப் பேசினார்கள். பெண் பிள்ளைகள் விளையாட்டில் ஈடுபட்டால் உடலும் மனமும் உறுதி பெறும் என்றது ஒரு தரப்பு. படிப்பு கெடும், விளையாட்டு சோறு போடுமா என்று கேட்டது மறு தரப்பு. நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. அந்த வேலை நடுவருடையது. ஒரு விளையாட்டின் கதையை மட்டும் உங்கள் முன் வைக்கிறேன். அதைக் கேட்டுவிட்டு, சோறு போடுமா என்ற கேள்வியை மறுபடியும் கேட்டுப் பாருங்கள்.

நான் கேமரன் மலை ரிங்லெட் வட்டாரத்துத் தோட்டத்துப் பிள்ளை. தாப்பாவிலிருந்து மலை ஏறி வந்தால் முதலில் வருகிற ஊர் அதுதான். எங்கள் பகுதியில் தேயிலைக்கு வயது அதிகம். 1929-ஆம் ஆண்டிலேயே ஜே.ஏ. ரஸ்ஸல் என்ற ஆங்கிலேயர் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். காட்டை வெட்டிச் சரிவுகளில் தேயிலைக் கன்று நட்டவர்களில் நம் முன்னோர்களும் இருந்தார்கள். எங்கள் பாட்டிமார்களுக்குக் கூடை என்றால் கொழுந்துக் கூடைதான். சீனப்பள்ளித் திடலில் கம்பத்தின் உச்சியில் தொங்கிய இன்னொரு கூடையை நாங்கள் சாலையில் நின்று பார்த்ததோடு சரி. எங்கள் பள்ளியில் எங்களுக்குக் கிடைத்தது வலைப்பந்து.

ஒரே மலை, ஒரே குளிர், ஒரே மழை. அப்படியிருக்க, சீனப் பிள்ளையின் கையில் கூடைப்பந்தும் தமிழ்ப் பிள்ளையின் கையில் வலைப்பந்தும் வந்தது எப்படி? “அது அவர்கள் விளையாட்டு, இது நம் விளையாட்டு” என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்தாம்.

பழக் கூடையில் பிறந்த ஆட்டம்

1891 டிசம்பர் மாதம். அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளி ஒன்று இருந்தது. பனிக் காலத்தில் வெளியே போய் விளையாட முடியாத மாணவர்களுக்கு உள்ளரங்கில் ஆட ஓர் ஆட்டம் தேவைப்பட்டது. ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர், பீச் பழம் வைக்கும் இரண்டு கூடைகளைப் பத்தடி உயரத்தில் ஆணியடித்து மாட்டினார். பதின்மூன்று விதிகளை எழுதி ஒட்டினார். கூடைப்பந்து பிறந்தது. அந்தப் பத்தடி உயரம், அதாவது 3.05 மீட்டர், இன்றுவரை மாறவில்லை.

பெண்கள் எப்போது ஆடத் தொடங்கினார்கள் என்று நினைக்கிறீர்கள்? மறு ஆண்டே தொடங்கி விட்டார்கள். பக்கத்து ஊரான நார்தாம்ப்டனில் இருந்த ஸ்மித் மகளிர் கல்லூரியில் செண்டா பெரன்சன் என்ற இளம் ஆசிரியை 1892-இல் இந்த ஆட்டத்தைத் தன் மாணவிகளுக்குக் கற்றுக் கொடுத்தார். லிதுவேனியாவிலிருந்து குடியேறிய குடும்பத்துப் பெண் அவர். 1893 மார்ச்சில் இரண்டு வகுப்பு மாணவிகளுக்கு இடையே போட்டி நடந்தது. ஆண்கள் யாரும் பார்க்க அனுமதியில்லை. பெண்கள் காற்சட்டை போன்ற உடையில் ஓடுவதை ஆடவர் பார்ப்பதா என்ற கவலை! இந்தக் கவலை நம் தோட்டத்துத் தாய்மார்களுக்கு மட்டும் உரியதல்ல என்பதைக் கவனியுங்கள். எல்லாச் சமுதாயமும் இந்தப் பாலத்தைக் கடந்துதான் வந்திருக்கிறது.

பெண்களுக்குக் கடுமையான ஓட்டம் ஆகாது என்று அன்றைய மருத்துவர்கள் பயமுறுத்தினார்கள். அதனால் பெரன்சன் விதிகளை மாற்றினார். திடலை மூன்று பகுதியாகப் பிரித்தார். ஒருத்தி தன் பகுதியை விட்டு வெளியே போகக் கூடாது. அடுத்தவர் கையிலிருந்து பந்தைப் பறிக்கக் கூடாது. இந்த வகை ஆட்டத்தின் ஒரு வடிவம் அமெரிக்காவின் ஐயோவா மாநிலப் பள்ளிகளில் 1993 வரைகூட நீடித்தது.

கடல் கடந்ததும் இரண்டானது

இங்கேதான் கதை கிளை பிரிகிறது. 1890-களிலேயே இந்த ஆட்டம் இங்கிலாந்துக்குப் போனது. மார்ட்டினா பெர்க்மன் ஆஸ்டர்பெர்க் என்ற ஸ்வீடன் நாட்டு அம்மையார் அங்கு நடத்திய உடற்பயிற்சிக் கல்லூரியில் மாணவிகள் இதை ஆடினார்கள். கூடைக்குப் பதில் வளையமும் வலையும் வந்தன. பந்தைத் தட்டிக் கொண்டு ஓடுவது நின்றது. 1901-இல் விதிகள் அச்சாயின. அதுதான் வலைப்பந்து. அந்தக் கல்லூரிகளில் பயிற்சி பெற்ற ஆசிரியைகள் ஆங்கிலேயர் ஆண்ட நாடுகளுக்கெல்லாம் போய்ப் பெண்கள் பள்ளிகளில் அதைப் பரப்பினார்கள். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 1970 வரை வலைப்பந்தை ‘மகளிர் கூடைப்பந்து’ என்றே அழைத்து வந்தார்கள். நாட்டுக்கு நாடு வேறுபட்டிருந்த விதிகளை ஒன்றாக்க 1960-இல் பல நாட்டுப் பிரதிநிதிகள் கூடிப் பேசிய இடம் எது தெரியுமா? நமக்கு அண்டையில் உள்ள இலங்கை.

கூடைப்பந்து வேறு வழியில் பயணம் செய்தது. ஒய்.எம்.சி.ஏ. தொண்டர்கள் 1895-இல் அதைச் சீனாவின் தியான்ஜின் நகருக்குக் கொண்டு போனார்கள். அங்கே அது வேர் விட்டது. மலாயாவுக்கு வந்த சீனர்கள் பள்ளி கட்டிய இடங்களில் கூடைப்பந்துத் திடலையும் போட்டார்கள். சென்னையிலோ 1920-இல் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். அங்குப் படித்து வெளியேறிய ஆசிரியர்கள் பள்ளிகளுக்குக் கொண்டு போன ஆட்டங்களில் கூடைப்பந்தும் ஒன்று.

ஆக, சென்னைத் தமிழச்சிக்குக் கூடைப்பந்து கிடைத்தது. கேமரன் மலைத் தமிழச்சிக்கு வலைப்பந்து கிடைத்தது. இரத்தமோ இனமோ இதைத் தீர்மானிக்கவில்லை. கம்பத்தை நட்டவர் யார், விதிப் புத்தகத்தைக் கொண்டு வந்தவர் யார் என்பதுதான் தீர்மானித்தது.

கோலாலம்பூர் கண்ட காட்சி

மகளிர் கூடைப்பந்துக்கு முதல் உலகப் போட்டி 1953-இல் சிலி நாட்டில் நடந்தது. ஒலிம்பிக்கில் ஆண்கள் 1936-இலேயே ஆடத் தொடங்கி விட்டார்கள். பெண்களுக்கு அந்தக் கதவு திறந்தது 1976-இல் மொண்ட்ரியால் நகரில். இடைவெளி நாற்பது ஆண்டுகள்!

நம் நாட்டுக்கும் இந்த வரலாற்றில் ஓர் இடம் உண்டு. 1990 ஜூலையில் மகளிர் உலகக் கூடைப்பந்துப் போட்டியை நடத்தியது மலேசியா. கோலாலம்பூருக்கு உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர்கள் வந்தார்கள். இறுதி ஆட்டத்தில் அமெரிக்கா 88-78 என்ற புள்ளிகளில் யூகோஸ்லாவியாவை வென்றது. எட்டு ஆண்டுகள் கழித்து, 1998-இல் அதே கோலாலம்பூரில் காமன்வெல்த் விளையாட்டு நடந்தபோது, வலைப்பந்து முதல் முறையாகப் பதக்கப் போட்டியாகச் சேர்க்கப்பட்டது. பிரிந்து போன இரண்டு பிள்ளைகளும் நம் தலைநகரில் பெருமை பெற்றார்கள்.

1990-இல் பொன் வென்ற அந்த அமெரிக்கக் குழுவில் சிந்தியா கூப்பர் என்பவர் இருந்தார். அவருடைய கதை நம் தலைப்புக்கு மிக முக்கியம். உலக வெற்றியாளரான அவர் தம் சொந்த நாட்டில் ஆடிச் சம்பாதிக்க முடியவில்லை. அங்கே பெண்களுக்குத் தொழில்முறைப் போட்டியே இல்லை. ஸ்பெயினுக்குப் போனார், பிறகு இத்தாலிக்குப் போனார். இளமையின் பெரும் பகுதியை அந்நிய மண்ணில் ஆடிக் கழித்தார். பிழைப்புக்காகக் கடல் கடப்பது என்னவென்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. பாட்டன் காலத்திலேயே நாம் கடந்தவர்கள்.

சம்பளம் வந்த கதை

அமெரிக்கர்கள் முயலாமல் இல்லை. 1978-இல் எட்டுக் குழுக்களோடு ஒரு மகளிர் தொழில்முறைப் போட்டி தொடங்கியது. மூன்று பருவம்தான் நடந்தது. பணம் இல்லை, 1981-இல் முடிந்தது. 1996-இல் ஏ.பி.எல். என்ற இன்னொரு போட்டி வந்தது. அதுவும் 1998 டிசம்பரில், பருவம் பாதியில் இருக்கும்போதே மூடப்பட்டது. 1997 ஜூன் 21-ஆம் தேதி தொடங்கிய டபிள்யூ.என்.பி.ஏ. மட்டும் நிலைத்தது. அதுவும் எட்டுக் குழுக்களோடுதான் தொடங்கியது.

அப்போதுதான் சிந்தியா கூப்பர் தாயகம் திரும்பினார். வயது 34. பலர் ஓய்வு பெறும் வயது. அவர் ஹியூஸ்டன் காமெட்ஸ் குழுவுக்கு ஆடினார். 1997 முதல் 2000 வரை நான்கு ஆண்டுகளும் அந்தக் குழுவே வெற்றிக் கிண்ணத்தைத் தூக்கியது. நான்கு முறையும் இறுதிச் சுற்றின் சிறந்த ஆட்டக்காரர் அவரே. அந்தப் போட்டி பத்து ஆண்டுகள் முன்னதாக வந்திருந்தால் அவர் எதற்காக இத்தாலியில் இருந்திருக்கப் போகிறார்?

அதற்குப் பிறகாவது கவலை தீர்ந்ததா? இல்லை. பிரிட்னி கிரைனர் என்ற புகழ்பெற்ற ஆட்டக்காரர் 2022 பிப்ரவரியில் ரஷ்யாவில் கைது செய்யப்பட்டு, டிசம்பரில் விடுதலையானார். அவர் ஏன் ரஷ்யாவுக்குப் போனார்? உள்நாட்டுப் பருவம் முடிந்ததும் அங்குள்ள கழகத்துக்கு ஆடத்தான். அந்தக் கழகம் உள்நாட்டைவிடப் பல மடங்கு கூடுதலாகக் கொடுத்தது. 2024-இல் அமெரிக்காவையே பரபரப்பாக்கிய கெய்ட்லின் கிளார்க்கின் முதலாண்டுச் சம்பளம் 76,535 டாலர்தான். அதே ஆண்டில்தான் 11 ஆண்டுகளுக்குச் சுமார் 220 கோடி டாலர் மதிப்புள்ள ஒளிபரப்பு ஒப்பந்தம் டபிள்யூ.என்.பி.ஏ.வுக்குக் கிடைத்தது.

நான் தொலைக்காட்சித் துறையில் இருப்பவள். இந்தக் கணக்கு எனக்குப் புரியும். பார்க்கிறவர்கள் பெருகினால் ஒளிபரப்பு வரும். ஒளிபரப்பு வந்தால் விளம்பரம் வரும். விளம்பரம் வந்தால் சம்பளம் வரும். எனவே, ஆட்டம் பார்ப்பதும் ஒரு பங்களிப்புதான். அமெரிக்கக் கிழக்குக் கரையில் இரவு 7 மணிக்குத் தொடங்கும் மகளிர் ஆட்டம், கோடைப் பருவத்தில் நமக்கு மறுநாள் காலை 7 மணி. பிள்ளைகள் பள்ளிக்குப் புறப்படும் நேரம்தான். ஆனால் விடுமுறை நாளில் ஓர் ஆட்டத்தையாவது மகளோடு உட்கார்ந்து பார்த்த தகப்பன் நம்மில் எத்தனை பேர்? ஆண்கள் காற்பந்துக்கு நள்ளிரவில் விழித்திருக்கிறோமே!

நம்மவர்கள் எட்டிய உயரம்

“இதெல்லாம் வெள்ளைக்காரர் கதை, நம் பெண்களால் முடியுமா?” என்று கேட்பவர்களுக்கு மூன்று பேரைச் சொல்கிறேன்.

முதலாமவர் சென்னை அனிதா பால்துரை. இந்திய மகளிர் கூடைப்பந்துக் குழுவுக்குப் பல ஆண்டுகள் தலைமை ஏற்றவர். 2001-க்கும் 2017-க்கும் இடையே ஒன்பது ஆசிய வெற்றியாளர் போட்டிகளில் ஆடியவர். தாயான பிறகு மீண்டும் களத்துக்குத் திரும்பினார். 2017-இல் பெங்களூரில் நடந்த ஆசியக் கிண்ணப் போட்டியின் இரண்டாம் பிரிவில், இறுதி ஆட்டத்தில் இந்தியா 75-73 என்று கஜகஸ்தானை வென்றபோது அவர் குழுவில் இருந்தார். 2021-இல் பத்மஸ்ரீ விருது அவரைத் தேடி வந்தது. பிள்ளை பெற்றால் ஆட்டம் முடிந்தது என்று சொல்பவர்கள் இவரை நினைத்துக் கொள்ளட்டும்.

இரண்டாமவர் கீது அன்னா ஜோஸ். கேரளத்துப் பெண். ஆனால் தென்னக ரயில்வேக்காகச் சென்னையிலிருந்து ஆடியவர். 2006-இல் மெல்பர்ன் நகரில் நடந்த காமன்வெல்த் விளையாட்டில்தான் கூடைப்பந்து முதன்முதலில் சேர்க்கப்பட்டது. இந்தியப் பெண்களும் ஆடினார்கள். அதே ஆண்டில் மெல்பர்னின் ரிங்வுட் கழகம் கீதுவை எடுத்துக் கொண்டது. ஆஸ்திரேலியக் கழகத்துக்கு ஆடிய முதல் இந்தியப் பெண் அவர். 2011-இல் டபிள்யூ.என்.பி.ஏ. குழுக்கள் மூன்று அவரைத் தேர்வுக்கு அழைத்தன. இடம் கிடைக்கவில்லை. ஆனால் அதுவரை எந்த இந்தியப் பெண்ணும் தட்டாத கதவை அவர் தட்டினார்.

மூன்றாமவர் யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம். இவர் ஆடியது நம் பிள்ளைகள் ஆடும் அதே வலைப்பந்து. உயரம் 208 சென்டிமீட்டர். மகள் கொஞ்சம் உயரமாக வளர்ந்தாலே மாப்பிள்ளை எங்கே தேடுவது என்று கவலைப்படும் சமுதாயம் நம்முடையது. அந்த உயரம்தான் இலங்கையின் பலம் ஆனது. 2009-இல் இலங்கை ஆசியக் கிண்ணத்தை வென்றது. 2011-இல் சிங்கப்பூரில் நடந்த உலகப் போட்டியில் சிறந்த கோல் போடுபவர் என்ற பெயரைத் தர்ஜினி பெற்றார். 2018-இலும் 2022-இலும் இலங்கை மறுபடியும் ஆசியக் கிண்ணத்தை வென்றபோது அவர் குழுவில் இருந்தார். ஆஸ்திரேலியாவுக்கும் போய் அங்குள்ள கழகத்துக்கு ஆடினார். போர் பார்த்த மண்ணிலிருந்து புறப்பட்ட ஒரு தமிழ்ப் பெண் சிங்கள, தமிழ் ரசிகர்கள் எல்லோரையும் ஒரே பக்கம் கைதட்ட வைத்தார்.

இவர்கள் எட்டிய உயரத்துக்குத் திறமை மட்டுமே காரணமா? அனிதாவுக்கும் கீதுவுக்கும் பின்னால் ரயில்வே இருந்தது. இந்தியாவில் விளையாட்டுத் திறன் உள்ளவர்களுக்கு ரயில்வேயில் வேலை உண்டு. மாதச் சம்பளம் வருகிறது, பயிற்சிக்கு நேரம் கிடைக்கிறது என்றால் வீட்டில் யார் தடுக்கப் போகிறார்கள்? விளையாட்டு சோறு போடுமா என்ற கேள்விக்குத் தமிழ்நாடு கண்டுபிடித்த பதில் அதுதான்.

நம் மலைக்கு என்ன வழி?

நம் நாட்டிலும் ஏணி இல்லாமல் இல்லை. மாவட்டம், மாநிலம், தேசியம் என்று பள்ளி விளையாட்டு மன்றப் போட்டிகள் நடக்கின்றன. புக்கிட் ஜாலில் விளையாட்டுப் பள்ளி 1996 முதல் இயங்குகிறது. 2017-இல் கோலாலம்பூர் சீ விளையாட்டில் மலேசிய மகளிர் கூடைப்பந்திலும் பொன் வென்றார்கள், வலைப்பந்திலும் பொன் வென்றார்கள். ஏணி இருக்கிறது. அதன் கடைசிப் படி நம் தோட்டத்து வாசலைத் தொடுகிறதா என்பதுதான் கேள்வி.

ரிங்லெட்டிலிருந்து ஒரு பிள்ளை மாநிலப் பயிற்சிக்குப் போக வேண்டுமென்றால் மலை இறங்க வேண்டும். மாலைப் பயிற்சி முடிந்தால் தோட்டத்துக்குத் திரும்ப வண்டி வேண்டும். அதற்குச் செலவு யார் செய்வது? பெரும்பாலான பெண் பிள்ளைகளின் ஆட்டம் இந்த இடத்தில்தான் நின்று போகிறது. கால் வலித்து நிற்கவில்லை. வண்டி இல்லாமல் நிற்கிறது. ஆறாம் ஆண்டில் துள்ளி ஓடியவள் மூன்றாம் படிவத்தில் திடலை மறந்து விடுகிறாள்.

இரண்டு செய்திகளை மட்டும் சொல்லி முடிக்கிறேன். ஒன்று, வலைப்பந்து ஆடும் பிள்ளையைக் குறைவாக நினைக்காதீர்கள். வலைப்பந்து வளையமும் கூடைப்பந்து வளையமும் ஒரே உயரம், 3.05 மீட்டர். திடலின் அளவும் ஏறத்தாழ ஒன்றே. வலைப்பந்து வளையம் 38 சென்டிமீட்டர். கூடைப்பந்து வளையம் 45 சென்டிமீட்டர். சிறிய வளையத்தில், பின்பலகை உதவி இல்லாமல் போட்டுப் பழகியவள் நம் பிள்ளை. பெரிய வளையத்தைக் கண்டு அவள் ஏன் தயங்க வேண்டும்? பக்கத்துச் சீனப்பள்ளித் திடலில் வாரம் ஒரு மாலை நம் பிள்ளைகளும் ஆடலாமா என்று பெற்றோர் ஆசிரியர் சங்கத்தார் போய்க் கேட்டால் என்ன? கேட்டால்தானே கொடுப்பார்கள்.

இரண்டு, உடையைக் காரணம் காட்டிப் பிள்ளையை நிறுத்தாதீர்கள். 2014 ஆசிய விளையாட்டில் முக்காட்டோடு ஆட அனுமதி இல்லாததால் கத்தார் பெண்கள் குழு விலகியது. 2017-இல் அனைத்துலகக் கூடைப்பந்துச் சம்மேளனமே தன் விதியைத் தளர்த்தியது. உலகச் சம்மேளனம் விதியை மாற்றிக் கொள்ளும்போது, தோட்டத்து லயத்தில் நாம் போட்ட விதியை மாற்றக் கூடாதா?

பெண் வெளியே போய்ச் சம்பாதிப்பது நமக்குப் புதிதல்ல. நகரத்துப் பெண்கள் அலுவலகம் போவதற்கு முன்பே நம் பாட்டிமார்கள் விடியலில் பெரட்டுக்கு நின்று, மலைச் சரிவில் ஏறி, முதுகில் கூடை சுமந்து குடும்பத்தைக் காப்பாற்றினார்கள். அந்தக் கால் வலிமையும் கை வேகமும் பேத்திகளிடம் இருக்கின்றன. இன்று கொழுந்து பறிக்க வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வந்து விட்டார்கள். நம் பிள்ளைகள் மலையை விட்டு இறங்கத்தான் போகிறார்கள். எதைக் கையில் எடுத்துக் கொண்டு இறங்குகிறார்கள் என்பதுதான் நம் பொறுப்பு. பள்ளிச் சான்றிதழ் ஒரு கையில் இருக்கட்டும். இன்னொரு கையில் பந்து இருந்தால், தயவு செய்து அதைப் பிடுங்கி விடாதீர்கள்.